வீட்டு நெக்ஸ்ட்கிளவுட் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவோ டெபியனோ (இரண்டும் லினக்ஸ்) போட்டு, அதில் நெக்ஸ்ட்கிளவுட் (கூகுள் டிரைவ் போல, ஆனால் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கோப்புகளை வைக்கும் மென்பொருள்) நிறுவி, வீட்டார் எல்லோருடைய போட்டோக்களையும் ஆவணங்களையும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும், அமைத்துக் கொடுத்த உறவினர், நண்பர் வீடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் மட்டும்தான் இங்கே. பெரும்பாலான நேரம் நெக்ஸ்ட்கிளவுட் மேல் தப்பே இருக்காது. கரண்ட், கேபிள், ஐபி முகவரி, ஹார்டு டிஸ்க் என்று ஏதாவது ஒன்று காலை வாரியிருக்கும். ஆகவே "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு" என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நெக்ஸ்ட்கிளவுடின் "ஓசிசி" கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிப் பயனராக) ஓட்டினால் அது மறுத்துவிடும். வெப் சர்வரின் (பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் நிரலின்) பயனர் பெயரில்தான் ஓட்ட வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தப் பெயர் "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா".

எதையும் தொடுவதற்கு முன்

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, சர்வரின் உள் ஐபியை (192.168 என்று தொடங்குவது) பிரவுசரில் போட்டுப் பாருங்கள். அப்புறம் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் டொமைன் பெயரைத் திறந்து பாருங்கள். எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்பதும் தெரிந்துவிடும். கூடவே, கடைசியாக என்ன மாறியது என்று வீட்டில் கேளுங்கள். "நேற்று கரண்ட் போச்சு", "ஃபைபர்காரர் வந்து பெட்டியை மாத்திட்டுப் போனார்" என்ற பதில்களிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அறிகுறி 1: வீட்டுக்குள்ளும் திறக்கவில்லை, வெளியிலும் திறக்கவில்லை

*கம்ப்யூட்டரே ஓடவில்லை*

கரண்ட் போய்த் திரும்பியதும் டெஸ்க்டாப் தானாக எழுந்துகொள்ளாது. பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) "ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" அல்லது அதை ஒத்த பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அதை "பவர் ஆன்" என்று வையுங்கள்.

வைத்தும் அடுத்த மின்வெட்டில் எழவில்லையா? பயாஸ் அந்த அமைப்பையே மறந்திருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி, அமைப்புகள் எல்லாம் பழையபடி அழிந்துவிடும். பழைய டெஸ்க்டாப்பில் இது மிகச் சாதாரணம். மானிட்டரை மாட்டிப் பார்த்தால், தேதி சரியில்லை, எஃப்1 அழுத்து என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கும். மானிட்டர் இல்லாமல் அலமாரிக்குள் ஓடும் சர்வரில் இது யார் கண்ணுக்கும் படாது. வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும், நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். மாற்றிய பிறகு பயாஸில் தேதியையும் மேற்சொன்ன அமைப்பையும் மறுபடி வையுங்கள்.

*ஓடுகிறது, ஆனால் நெட்வொர்க்கில் இல்லை*

கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி மாட்டி, ரூட்டரில் வேறு போர்ட்டில் போட்டுப் பார்த்து, கடைசியாகக் கேபிளை மாற்றுங்கள்.

விளக்கு எரிந்தும் கிடைக்கவில்லை என்றால் ஐபி மாறியிருக்கும். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் முகவரிகளை மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். ரூட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்துப் புது முகவரியைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே டிஎச்சிபி ரிசர்வேஷனில் (ரூட்டர் ஐபி ஒதுக்கும் பகுதி) சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக்கிவிடுங்கள்.

*பிங் போகிறது (சர்வர் பதில் தருகிறது), பக்கம் வரவில்லை*

வெப் சர்வரான அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ நின்றிருக்கும், அல்லது டாக்கர் கன்டெய்னர் (நெக்ஸ்ட்கிளவுடைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டுவது) எழவில்லை. "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" அல்லது "டாக்கர் பிஎஸ் -ஏ" காட்டிக்கொடுக்கும். மறுபடி தொடங்கியும் விழுகிறது என்றால் முதலில் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள் (அறிகுறி 7). இடம் தீர்ந்தால் டேட்டாபேஸ்தான் முதலில் படுக்கும்.

அறிகுறி 2: பக்கம் வருகிறது, ஆனால் ஏதோ செய்தி காட்டுகிறது

*"மெயின்டனன்ஸ் மோட்" என்கிறது*

பேக்கப்போ அப்டேட்டோ பாதியில் நின்றிருக்கும். ஒருவேளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், கொஞ்ச நேரம் பொறுங்கள். எதுவும் ஓடவில்லை என்று உறுதியானால் "ஓசிசி மெயின்டனன்ஸ்:மோட் --ஆஃப்".

*"அன்ட்ரஸ்டட் டொமைன்" என்கிறது*

புது ஐபியிலோ புதுப் பெயரிலோ திறக்கிறீர்கள். கான்ஃபிக் கோப்பில் "ட்ரஸ்டட் டொமைன்ஸ்" பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்தால் போதும்.

*"டேட்டா டைரக்டரி இன்வேலிட்" என்கிறது*

இங்கே மட்டும் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். மற்ற கோளாறுகளில் அவசரப்பட்டால் நேரம்தான் போகும். இதில் அவசரப்பட்டால் போட்டோக்களே போய்விடும்.

கோப்புகள் வேறொரு டிஸ்கில், குறிப்பாக யூஎஸ்பி டிஸ்கில் இருந்தால், பூட் ஆகும்போது அது மவுன்ட் ஆகவில்லை (ஒரு ஃபோல்டராக இணையவில்லை) என்பதே வழக்கமான காரணம். டிஸ்க் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்று ஃபோல்டர் மட்டும் இருக்கும். டேட்டா ஃபோல்டரில் இருக்க வேண்டிய ஒரு மறைகோப்பு (புள்ளியில் தொடங்கும் ஓசிடேட்டா, புதிய பதிப்புகளில் என்சிடேட்டா) அங்கே இல்லாததால் நெக்ஸ்ட்கிளவுட் கதவைச் சாத்திக்கொள்கிறது. நம்மைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

தேடிப் பார்த்தால் "அந்தக் கோப்பை நீங்களே உருவாக்கிவிடுங்கள்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். செய்தால் வெற்று ஃபோல்டரையே உண்மையான டேட்டா என்று நம்பி அது ஓட ஆரம்பிக்கும். அந்த நிலையில் ஸ்கேன் கட்டளையும் (ஃபோல்டரில் இருப்பதைப் பார்த்து டேட்டாபேஸைத் திருத்துவது) கொடுத்துவிட்டால், எல்லாக் கோப்பும் அழிந்துவிட்டதாக டேட்டாபேஸில் பதிவாகும். லேப்டாப்பில் ஓடும் சிங்க் ஆப் அதைப் பார்த்து அங்கே இருக்கும் பிரதிகளையும் நீக்கத் தொடங்கக்கூடும்.

பார்க்க வேண்டிய வரிசை இதுதான். "எல்எஸ்பிஎல்கே" கொடுத்தால் டிஸ்க் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் யூஎஸ்பி கேபிள், அடாப்டர், வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். தெரிகிறது, மவுன்ட் ஆகவில்லை என்றால் "மவுன்ட் -ஏ" கொடுத்து என்ன பிழை வருகிறது என்று படியுங்கள். எஃப்ஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) டிஸ்கை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் குறித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு பென்டிரைவ் சொருகியிருந்தாலே அந்தப் பெயர்கள் இடம் மாறும். யூயூஐடியால் (டிஸ்குக்கே உரிய அடையாள எண்) குறியுங்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் டிஸ்க் மவுன்ட் ஆன பிறகு கன்டெய்னரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய வெற்று ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மவுன்ட் செய்யும்போது "இன்புட்/அவுட்புட் எர்ரர்" வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அறிகுறி 8-க்குப் போங்கள்.

*அப்டேட்டுக்குப் பிறகு எழ மறுக்கிறது*

நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும். 28-லிருந்து 30-க்குத் தாவ முடியாது, நடுவில் 29-ல் கால் வைக்க வேண்டும். டாக்கரில் "லேட்டஸ்ட்" என்று போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்திருந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்போஸ் கோப்பில் (டாக்கர் அமைப்புகளை எழுதிய கோப்பு) பழைய பதிப்பு எண்ணையே மறுபடி எழுதி எழுப்புங்கள், பிறகு ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். டேட்டாபேஸ் ஏற்கெனவே புதுப் பதிப்புக்கு மாறியிருந்தால் பின்னால் வர முடியாது, பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். பேக்கப் என்றால் கோப்புகள், டேட்டாபேஸ், கான்ஃபிக் மூன்றும் சேர்ந்தது. டேட்டா ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து வைத்தால் கோப்பு கிடைக்கும். ஷேர், காலண்டர், தொடர்பு எண்கள் எதுவும் திரும்ப வராது.

அறிகுறி 3: வீட்டுக்குள் சரி, வெளியில் திறக்கவில்லை

எளிதானது முதலில். உங்கள் வெளி ஐபி மாறியிருக்கும், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை டொமைன் பெயரோடு சேர்த்துவைக்கும் சேவை) புதுப்பிக்காமல் நின்றிருக்கும். டொமைன் காட்டும் ஐபியும் இப்போதைய வெளி ஐபியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒன்றுதான் என்றால் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடுவது) 443, 80 இரண்டும் சர்வரின் இப்போதைய உள் ஐபிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சொந்த ரூட்டர் வைத்திருந்தால் இரண்டிலும் ஃபார்வர்டு செய்ய வேண்டும், அல்லது முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (வெறும் பாலமாக) போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், அல்லது 10 என்று தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஒரு நாள் முழுக்க ரூட்டர் அமைப்புகளோடு மல்லுக்கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்களே அதிகம். நேற்றுவரை ஓடிய இணைப்பையும் நிறுவனம் சொல்லாமல் சிஜிநாட்டுக்கு மாற்றியிருக்கலாம்.

வீட்டார் மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் டெயில்ஸ்கேல் (சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் சேவை) போதும். சர்வரிலும் ஒவ்வொரு போனிலும் நிறுவினால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். (அதுவும் 100 என்று தொடங்கும் முகவரிதான் தரும். வான் ஐபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த முகவரியை ட்ரஸ்டட் டொமைன்ஸில் சேர்க்கவும் மறக்காதீர்கள்.) வெளியாட்களுக்கும் லிங்க் அனுப்ப வேண்டும் என்றால் கிளவுட்ஃப்ளேர் டனல் (அந்த நிறுவனத்தின் வழியாக சர்வரை வெளியே காட்டுவது), அல்லது வாடகை விபிஎஸ்ஸில் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) வயர்கார்டு என்ற விபிஎன். இணைய நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி வாங்குவது செலவான வழி, ஆனால் தலைவலி குறைவு. இந்த இடத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்துதான் ஆக வேண்டும். 80, 443 போர்ட்டுகளை அடைத்திருக்கிறீர்களா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

*நேர்மாறாக: வெளியில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் டொமைன் பெயர் திறக்கவில்லை*

ரூட்டருக்கு நாட் லூப்பேக் (உள்ளிருந்து வெளி முகவரியைக் கேட்டால் உள்ளேயே திருப்பிவிடுவது) தெரியாது, அவ்வளவுதான். அந்த வசதி ரூட்டரில் இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் பை-ஹோல் போன்ற ஒரு டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சேவை) வைத்து, டொமைன் பெயருக்கு உள் ஐபியைக் கொடுங்கள்.

அறிகுறி 4: "இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்று பிரவுசர் பயமுறுத்துகிறது

முதலில் சர்வரின் தேதியைப் பாருங்கள். "டைம்டேட்சிடிஎல்" கொடுத்தால் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும். தேதி பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நேரம் வந்ததே சர்வருக்குத் தெரியாது. காரணம் மறுபடி அந்த பட்டன் பேட்டரிதான். இரண்டடுக்குப் பாதுகாப்பின் ஆறு இலக்க எண்ணை நெக்ஸ்ட்கிளவுட் ஏற்க மறுத்தாலும் கடிகாரத்தையே சந்தேகப்படுங்கள்.

தேதி சரி என்றால் சான்றிதழ் காலாவதி. இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள்தான் ஓடும். காலாவதி நெருங்கினால் முன்பு மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிப்பது நின்றால் இப்போது சொல்ல யாரும் இல்லை. "செர்ட்பாட் ரென்யூ --ட்ரை-ரன்" கொடுத்துப் பாருங்கள். இது ஒத்திகைதான், ஆபத்தில்லை. தோற்றால் பெரும்பாலும் 80-வது போர்ட் அடைபட்டிருக்கும். 443 மட்டும் போதும் என்று நினைத்து யாரோ மூடியிருப்பார்கள். ஒத்திகை தேறாமல் நிஜக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். தோல்விக்கும் வரம்பு உண்டு, மணிக்கு ஐந்தைத் தாண்டினால் தடுத்துவிடுவார்கள்.

அறிகுறி 5: போட்டோவோ கோப்போ ஏறவில்லை

*போனிலிருந்து எதுவுமே ஏறவில்லை*

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். ஆப் அமைப்பில் பேட்டரியை "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றுங்கள். ஐபோனில் பின்னணியில் ஓட அனுமதி குறைவு, அவ்வப்போது ஆப்பைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். "வைஃபையில் மட்டும்", "சார்ஜில் இருக்கும்போது மட்டும்" என்ற டிக்குகளையும் பாருங்கள்.

*பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லை, 413 என்ற எண் வருகிறது*

நடுவில் யாரோ அளவைத் தடுக்கிறார்கள். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையில் 1 எம்பிக்கு மேல் ஏற்காது, "கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்" வரியை நாம்தான் உயர்த்த வேண்டும். பிஎச்பியின் (நெக்ஸ்ட்கிளவுட் ஓடும் மொழி) அப்லோடு வரம்பு அடுத்தது. கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டத்தில் வரம்பு 100 எம்பி, அதை மாற்ற முடியாது. நெக்ஸ்ட்கிளவுட் அனுப்பும் துண்டின் அளவை 50 எம்பி என்று குறைத்தால் ஒத்துவரும்.

*குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும் அடம்பிடிக்கின்றன*

பெயரைப் பாருங்கள். விண்டோஸ் ஏற்காத குறிகள் (கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி) பெயரில் இருந்தால் போனில் ஏறும், விண்டோஸ் லேப்டாப்புக்கு இறங்காது.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான டிஸ்க் வடிவம்) டிஸ்கில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். "கொ" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கம்ப்யூட்டருக்கு "க"வும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட். புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே கணக்கு. ஆக மொத்தம் 85 குறியீடுகள்தான், ஐம்பது எழுத்துக்கு மேல் போனாலே ஆபத்து. "அத்தை மகள் திருமண வரவேற்பு நிகழ்ச்சிப் புகைப்படங்கள் முதல் தொகுப்பு" என்று நீட்டி முழக்காமல் சுருக்கி வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் இதை வேறு மாதிரி எண்ணுவதால் விண்டோஸில் அதே பெயர் பிரச்சினையே இல்லாமல் இருக்கும்.

பெயரில் எமோஜி இருந்து மறுத்தால் டேட்டாபேஸ் (மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி) நான்கு பைட் எழுத்துக்குறிக்கு (யூடிஎஃப்8எம்பி4) மாறாமல் இருக்கிறது.

*கோப்பை டேட்டா ஃபோல்டரில் நேரடியாகப் போட்டேன், ஆப்பில் தெரியவில்லை*

உரிமையாளர் வெப் சர்வரின் பயனர்தானா என்று பார்த்துவிட்டு "ஓசிசி ஃபைல்ஸ்:ஸ்கேன்" ஓட்டுங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் இதை ஓட்டக் கூடாது. காரணம் அறிகுறி 2-ல்.

அறிகுறி 6: ஆமை வேகம்

வீட்டுக்குள் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நொடிக்கு 11 எம்பியில் ஆணி அடித்தாற்போல் நின்றால், கேபிள் 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். எலி கடித்ததோ கிரிம்பிங் சரியில்லாததோ, ஒரு கம்பி போனாலும் இப்படி இறங்கிவிடும். "ஈத்டூல்" கொடுத்தால் இணைந்த வேகம் தெரியும். கேபிளை மாற்றியும் அப்படியே என்றால் ரூட்டரின் போர்ட்டே 100 மெகாபிட்டாக இருக்கலாம்.

வெளியிலிருந்து மட்டும் மெதுவா? உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம்தான் அதற்கு மேல்வரம்பு.

நகல் வேகம் சரி, ஆனால் ஒவ்வொரு பக்கமும் திறக்க நேரமாகிறது என்றால் பின்னணி வேலைகளை "கிரான்" முறைக்கு (லினக்ஸ் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) மாற்றி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள், ரெடிஸ் (அடிக்கடி தேவைப்படுவதை ராமில் வைத்திருக்கும் நிரல்) சேருங்கள். பாஸ்வேர்டு கொடுத்து நுழைவது மட்டும் இழுக்கிறதா? யாருடைய பழைய போனோ பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருக்கும். தவறான முயற்சிகள் கூடினால் நெக்ஸ்ட்கிளவுட் அந்த ஐபியை 25 நொடி வரை காக்க வைக்கும். ரிவர்ஸ் பிராக்ஸிக்கு (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் நிரல்) பின்னால் "ட்ரஸ்டட் பிராக்ஸிஸ்" அமைக்காவிட்டால் எல்லோரும் ஒரே ஐபியில் வருவதாகத் தெரியும், ஒருவர் செய்த தப்புக்கு வீடே காத்திருக்கும்.

அறிகுறி 7: இடம் தீர்ந்துவிட்டது

"டிஎஃப் -எச்" கொடுத்து எந்த டிஸ்க் நிறைந்தது என்று பாருங்கள்.

சிஸ்டம் டிஸ்க் என்றால் லாக் கோப்புகளும் பழைய டாக்கர் இமேஜ்களும்தான் வழக்கம். டாக்கர் தன் லாக்குகளுக்கு வரம்பே வைப்பதில்லை, நாம்தான் அளவு சொல்ல வேண்டும். சுத்தம் செய்யும்போது "வால்யூம்" என்ற சொல் சேர்ந்த எந்த ப்ரூன் கட்டளையும் வேண்டாம், டேட்டாவே போய்விடும்.

டேட்டா டிஸ்க் என்றால் முதலில் குப்பைத்தொட்டியையும் கோப்புகளின் பழைய பதிப்புகளையும் காலி செய்யுங்கள். ஈஎக்ஸ்டி4 தன் கொள்ளளவில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்கில் அது 200 ஜிபி. டேட்டா மட்டும் இருக்கும் டிஸ்கில் அதை "டியூன்2எஃப்எஸ் -எம் 1" கொடுத்து 1 சதவீதமாக்கலாம். புது டிஸ்க் வாங்குவதைச் சில மாதம் தள்ளிப்போட இது உதவும்.

அறிகுறி 8: தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது டிஸ்கில் சத்தம்

ரீஸ்டார்ட் கரண்ட் போகும் நொடியில் நடந்தால், வீட்டு இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் விழுந்துவிடுகிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். போதாவிட்டால் தனி யூபிஎஸ். கரண்டோடு சம்பந்தமில்லாமல் நடந்தால் தூசி, பிறகு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), பிறகு ராம் என்ற வரிசையில் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறது என்றால் எர்த்திங் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள்.

டிஸ்க் சந்தேகம் என்றால் "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" ஓட்டி, 5, 197, 198, 199 என்ற எண்ணில் தொடங்கும் நான்கு வரிகளை மட்டும் படியுங்கள். 199-ன் எண்ணிக்கை ஏறுகிறது, மற்றவை பூஜ்யம் என்றால் சந்தோஷப்படுங்கள். சாட்டா கேபிள்தான் கெட்டது, டிஸ்க் அல்ல. 5, 197, 198 ஆகியவற்றில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப் போகிறது. இன்றே வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். ரெய்டு (ஒரே தகவலை இரண்டு டிஸ்கில் எழுதுவது) இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம், தவறுதலாக அழித்ததை ரெய்டு இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், அல்லது டிஸ்கே தெரியாமல் போய், பேக்கப்பும் இல்லை என்றால், இது நம் வேலை இல்லை. உடனே அணைத்துவிடுங்கள். எஃப்எஸ்செக் (டிஸ்க் பிழை திருத்தும் கட்டளை) ஓட்டுவது, "இன்னும் ஒருமுறை பார்ப்போம்" என்று ஆன் செய்வது, ஃப்ரீசரில் வைப்பது எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கும் டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. தூசியில்லா அறை வைத்து டிஸ்கைத் திறப்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், மீட்க முடியாவிட்டால் எவ்வளவு தர வேண்டும் என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் பெட்டியிலிருந்து கழற்றாமல் அப்படியே கொண்டுபோங்கள். சிலவற்றில் பெட்டிக்குள் இருக்கும் சிறு சர்க்யூட் பலகைதான் தகவலைப் பூட்டி எழுதும், அது இல்லாமல் டிஸ்கை மட்டும் கொடுத்தால் அவர்களாலும் படிக்க முடியாமல் போகலாம்.